கட்டிக்கும் ஊசிக்கும் நடுவே

நோன்பு முடியட்டும். பெருநாள் கழியட்டும். மூத்த மகளுக்கு ஓ.எல். சோதனை, அதுவும் முடியட்டும். கட்டாரில் இருக்கிற மாப்பிள்ளை லீவில் வரட்டும், அவரோடு போய்க் காட்டலாம்.

மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட எங்கள் கரையோர ஊர்களில் சொல்லப்படும் காரணங்கள் இவை. ஒன்றுகூடப் பொய்க் காரணம் இல்லை. பாலமுனையில் (காத்தான்குடிப் பக்கத்துப் பாலமுனையைச் சொல்லவில்லை, அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் உள்ளதைச் சொல்கிறேன்) ஒரு வீட்டுப் பாரம் எந்த அளவுக்கு ஒரு பெண்ணின் தலையில் நிற்கிறது என்று தெரிந்தவர்கள் அவற்றைக் கேலி செய்யமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு காரணமும் சில வாரத்தைத் தின்னும், சில மாதத்தைத் தின்னும். அதற்குள் அந்தக் கட்டி என்ன செய்துகொண்டிருக்கும்?

மார்பகப் புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்பது இயந்திரத்தைப் பற்றி. மெமோகிராம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, வெளியில் எடுத்தால் எவ்வளவு முடியும். அந்த இயந்திரத்துக்கும் வருவேன். அதற்கு முன்னால் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். எங்களைப் போன்ற ஊர்களில் ஒரு பெண் பிழைப்பதையும் பிழைக்காததையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

ஒரு புற்றுக்கட்டி ஒரு சென்டிமீற்றர் அளவுக்கு வளரும்போது அதற்குள் ஏறத்தாழ 100 கோடி கலங்கள் இருக்கும். முதலில் கெட்டுப்போனது ஒரேயொரு கலம். அது இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, இப்படி முப்பது தடவை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டும். ஓர் இரட்டிப்புக்கு ஆகும் காலம் கட்டிக்குக் கட்டி வேறுபடும். சில, இரண்டு மாதத்தில் இரட்டிக்கும். சில, ஒரு வருடம் எடுக்கும். நடுத்தரமாக ஐந்து மாதம் என்று வைத்துக்கொண்டால் முப்பது இரட்டிப்புக்குப் பன்னிரண்டரை வருடம். உடம்புக்குள் வளர்ச்சி இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை, ஆகவே இது கைக்கணக்குத்தான். ஆனாலும் ஒன்று தெளிவு: இன்று விரலில் தட்டுப்படுவது நேற்று முளைத்ததல்ல.

“பன்னிரண்டு வருடமாக உள்ளே இருந்ததென்றால் இன்னும் ஆறு மாதத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது?” நியாயமான கேள்வி. இரட்டிப்பின் தந்திரம் கடைசியில்தான் இருக்கிறது. முதல் இருபது இரட்டிப்பில் சேர்ந்த கலங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ பத்து இலட்சம். முப்பதாவது இரட்டிப்பு மட்டும் ஐம்பது கோடியைச் சேர்க்கிறது, அடுத்தது நூறு கோடியை. கட்டி ஒரு சென்டிமீற்றரிலிருந்து இரண்டு சென்டிமீற்றருக்கு வந்தால் பார்வைக்கு இரு மடங்கு. கன அளவில் எட்டு மடங்கு. அந்தக் கலங்களில் ஏதாவது ஒன்று பிரிந்து கக்கத்து நிணநீர்க் கணுவுக்கோ இரத்தத்துக்கோ போய்ச் சேரும் வாய்ப்பும் கூடவே பெருகுகிறது. மார்பில் இருக்கும்வரை புற்றுநோய் யாரையும் கொல்வதில்லை. எலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் மூளையிலும் போய் உட்காரும்போதுதான் கொல்கிறது.

இது வெறும் கணக்கு அல்ல. 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 87 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த முடிவு வெளிவந்தது. மொத்தம் 101,954 நோயாளிகள். அறிகுறி கண்டபின் மூன்று மாதத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால், அதற்கு மேல் பிந்தியவர்களில் ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் 12 வீதம் குறைவு. நோய் உறுதியானபின் சத்திரசிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் பிந்தும்போதும் இறப்பு ஆபத்து ஏறக்குறைய 8 வீதம் கூடுகிறது என்று 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டது.

இப்போது இத்தாவை எடுத்துக்கொள்வோம். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். அந்த நாட்களில் அவள் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் வெளியே சொல்லவே கூச்சப்படுவாள். சொன்னாலும் “இத்தா முடியட்டும்” என்பார்கள். நடுத்தர வேகக் கட்டி அந்த இடைவெளியில் கிட்டத்தட்ட ஒரு தடவை இரட்டித்துவிடும், வேகமான கட்டி இரண்டு தடவை. மருத்துவத் தேவைக்காக இத்தாவில் வெளியே போவதை மார்க்கம் தடுக்கவில்லை என்று உலமாக்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். தடுப்பது மார்க்கமல்ல, பக்கத்து வீட்டு வாய்.

இந்தக் காலக் கணக்கைக் கண்டுகொண்ட முதல் ஆட்கள் நம் காலத்தவர்கள் அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்பெயினின் கொர்டோபாவில் வாழ்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, மார்பில் வருகிற புற்று சிறிதாக, தொடக்கத்தில் இருந்தால் முழுதாக வெட்டி எடுக்கலாம் என்று எழுதினார். முற்றிப் பெருத்துவிட்டதென்றால் அதை நெருங்க வேண்டாம், அப்படி ஒன்றைத் தான் குணப்படுத்தியதும் இல்லை, வேறு யாரும் குணப்படுத்திக் கண்டதும் இல்லை என்றும் எழுதினார். மயக்க மருந்தோ நுண்ணோக்கியோ இல்லாத காலம் அது. இருந்தும் சிறிய கட்டிக்கும் பெரிய கட்டிக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிந்துவதற்கு வீட்டு வேலை மட்டும் காரணமல்ல. முதல் காரணம் நோவு இல்லாதது. பல் வலித்தால் அடுத்த நாளே அக்கரைப்பற்றுக்கு ஓடுகிறோம். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. கல்லுப்போல, ஓரம் ஒழுங்கில்லாமல், அசைத்தால் அசையாமல் இருக்கும். “நோவில்லாத கட்டி நல்ல கட்டி” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்த நோயில் அது நேர்மாறு. கட்டியில்லாமலும் வரலாம்: தோல் ஓரிடத்தில் உள்ளே இழுபட்டிருக்கும், தோடம்பழத் தோலைப்போல் தடித்துப் புள்ளி விழுந்திருக்கும், முலைக்காம்பு புதிதாக உள்வாங்கியிருக்கும், காம்பில் மாறாத சிரங்கு இருக்கும், அல்லது இரத்தம் கலந்த நீர் கசியும்.

இரண்டாவது காரணம் பால் கட்டு. கைக்குழந்தைக்காரிக்குக் கட்டி வந்தால் பால் கட்டியிருக்கிறது என்று சுடுதண்ணி ஒத்தடம் கொடுப்பார்கள், ஓதிய எண்ணெய் தடவுவார்கள். பத்தில் ஒன்பது தடவை அது பால் கட்டுத்தான், ஒத்தடத்துக்குப் போய்விடும். ஆனால் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் புற்றுநோய் வருவதுண்டு, அந்த நேரத்தில்தான் அது மிகச் சுலபமாக ஒளிந்துகொள்ளும். ஒரு கட்டு இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் அது பால் கட்டு இல்லை என்று வைத்துக்கொண்டு டொக்டரிடம் காட்டுவதே புத்தி. ஓதிப் பார்ப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஓதுவது ஓதட்டும், ஸ்கேனுக்கும் போகட்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யலாம்.

மூன்றாவது, ஊசிப் பயம். “ஊசி குத்தினால் உள்ளே இருப்பது கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும்.” இந்தச் சொல் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. ஒரு பெண் கிளினிக்குக்குப் போய், டொக்டர் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசிச் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தபின் அந்த நாளில் வராமல் நின்றுவிடுவாள். பிறகு ஆறேழு மாதம் கழித்து, கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு புண்ணான நிலையில் வருவாள். வந்தவுடன் ஊசி குத்துவார்கள், நோய் பரவியிருப்பது தெரியவரும். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் “ஊசி குத்தினாங்க, பரவிட்டு” என்பார்கள். கதை இப்படித்தான் உருவாகிறது. உண்மையில் பல பத்து வருட அனுபவத்தில், ஊசிச் சோதனை செய்துகொண்டவர்கள் அதனால் கூடுதலாக இறந்ததாகக் காணப்படவில்லை.

அந்த ஊசி இல்லாமல் சிகிச்சை குருட்டுச் சிகிச்சையாகிவிடும். மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. ஊசியில் வரும் மெல்லிய சதைத் துண்டைச் சோதித்தால்தான் அந்தக் கலங்கள் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனை உண்டு வளர்பவையா, ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மிஞ்சியவையா, இரண்டும் இல்லாதவையா என்று தெரியும். பெரும்பாலானவை முதல் வகை. அந்த வகை வந்தவர்களுக்குத் தமொக்சிபன் என்ற சின்ன மாத்திரை இருக்கிறது. 1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சட்சன் என்ற பெண் வேதியியலாளர் அதை முதலில் உருவாக்கியது கருத்தடை மருந்து தேடும் முயற்சியில்! கருத்தடைக்கு அது உதவவில்லை. ஐந்து வருடம் தினம் ஒன்று விழுங்கினால் ஹோர்மோன் வகைப் புற்றுநோயில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

நான்காவது காரணம், வெளியே சொல்லப்படாத ஒரு பயம்: மார்பை எடுத்துவிடுவார்கள், மாப்பிள்ளை என்ன நினைப்பார். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1882இலிருந்து அமெரிக்காவில் வில்லியம் ஹல்ஸ்டெட் செய்த சத்திரசிகிச்சை மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் கக்கத்துக் கணுக்களையும் சேர்த்து வழித்தெடுத்தது. நிறைய வெட்டினால் நிறையப் பிழைக்கும் என்ற நம்பிக்கை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. பேர்னாட் ஃபிஷர் என்பவர் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுத்தவர்களும், முழு மார்பையும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்கிறார்கள் என்பது 1985இல் தெரிந்தது, 2002இல் இருபது வருடத் தொடர்கணிப்பில் உறுதியானது. ஆக, சிறிய கட்டியோடு வருகிறவளுக்கு மார்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி உண்டு. பயந்து ஒளிந்து, பெரிதாக்கிக்கொண்டு வருகிறவளுக்குத்தான் அந்த வழி அடைபடுகிறது.

இதில் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு ஒரு சிக்கல் உண்டு, அதை மறைப்பது சரியல்ல. மார்பைக் காப்பாற்றினால் கதிர் சிகிச்சை கட்டாயம். அதற்குப் பழைய முறையில் ஐந்து வாரம், பிறகு வந்த முறையில் மூன்று வாரம், வேலை நாள்தோறும் போக வேண்டும். பாலமுனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 60 கிலோமீற்றர்; மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை என்றால் இரவு பஸ்ஸும் கொழும்பில் தங்க ஓர் இடமும். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு யார் போவது? அதனால் சில பெண்கள் “முழுசா எடுத்துருங்க டொக்டர், ஒரேயடியா முடியட்டும்” என்கிறார்கள். அது பயந்த முடிவல்ல, தூரத்தைக் கணக்குப் போட்ட முடிவு. பிரித்தானியாவில் 4,096 பேரோடு நடந்து 2020இல் வெளிவந்த ‘ஃபாஸ்ட்-ஃபோர்வேட்’ ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து தடவை கொடுக்கும் கதிர் சிகிச்சை மூன்று வார முறைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. தூர ஊர்ப் பெண்ணுக்குப் புதிய மருந்துகள் பலவற்றைவிட இந்தச் செய்தி பெரிது.

சரி, கட்டியை நேரத்தோடு கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் இயந்திரம் வருகிறது. மெமோகிராம் என்பது மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே அமர்த்தி எடுக்கும் குறைந்த அளவு எக்ஸ்ரே. கைக்கு எட்டாத கட்டியையும் காட்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை ஒழுங்காக அழைத்து எடுத்த நாடுகளில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே ஒரு விலையும் உண்டு. 2012இல் பிரித்தானியச் சுயாதீனக் குழு கணித்தபடி, ஐம்பது வயதிலிருந்து இருபது வருடம் பத்தாயிரம் பெண்களை அழைத்தால் 43 உயிர் காப்பாற்றப்படும். 129 பேருக்கு வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத புற்றுக்குச் சிகிச்சை நடந்திருக்கும். இளம் மார்பு இறுக்கமானது, மெமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், புற்றும் வெள்ளையாகவே தெரியும். அதனால் முப்பதுகளில் உள்ள பெண்ணுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் உதவும். இலங்கையில் நாடு முழுவதும் பெண்களை அழைத்து மெமோகிராம் எடுக்கும் திட்டம் இல்லை. அது வரும்வரை நாங்கள் சும்மா இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதற்கு மும்பை சாட்சி. டாட்டா நினைவு வைத்தியசாலை 1998இல் அங்குள்ள சேரிகளில் 35 முதல் 64 வயதுவரையான 151,538 பெண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, நான்கு சுற்று, மார்பைக் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. பார்த்தவர்கள் டொக்டர்கள் அல்ல, அதற்கெனப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்கள். இருபது வருடம் கழித்து 2021இல் முடிவு வந்தது. சோதனை பெற்றவர்களில் நோய் முன்னதாக, முற்றாத கட்டத்தில் பிடிபட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே இறப்பில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. எல்லா வயதையும் சேர்த்தால் குறைவு 15 வீதம், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். இருந்தாலும் மின்சாரம்கூட வேண்டாத ஒரு சோதனைக்கு இது சின்ன வெற்றியல்ல.

தனக்குத்தானே பார்த்துக்கொள்ளும் சோதனையின் கதை வேறு. சீனாவின் ஷாங்காயில் நெசவாலைகளில் வேலை செய்த 266,064 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், சுயசோதனை முறையாகக் கற்றுக்கொண்ட பாதியில் 135 பேர் இந்த நோயால் இறந்தார்கள், கற்காத பாதியில் 131 பேர். வித்தியாசமே இல்லை. தேவையில்லாத ஊசிச் சோதனைகள்தான் கூடின. இதை வைத்து, கண்ணாடி முன் நின்று பார்ப்பது வீண் என்று சொல்லமாட்டேன். அங்கே பாதிக்கு மேல் நோயாளிகள் கற்காமலே தங்கள் கட்டியைத் தாங்களே கண்டவர்கள் என்பதுதான் என் கணிப்பு. குளிக்கும்போது தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று அறிந்து வைத்திருந்து, மாறியிருந்தால் கவனிக்கும் பெண்ணுக்கு அது போதும். கண்டபின் எத்தனை நாளில் காட்டுகிறாள் என்பதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கும்.

மும்பையில் புதிதாக ஆள் சேர்த்துப் பயிற்றிச் செய்ததைச் செய்ய எங்களிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். கர்ப்ப காலத்தில் கார்ட் எழுதி, பிள்ளைக்கு நிறை பார்த்து, வீட்டு முற்றம்வரை வந்துபோகும் மிட்வைஃப் மிஸ்ஸி. 1996இல் குடும்ப சுகாதாரப் பணியகம் சுகவனிதையர் கிளினிக்குகளைத் தொடங்கியது. 35 வயதையும் 45 வயதையும் எட்டும் பெண்களை முக்கியமாகக் கருத்தில் கொண்டது அது. எம்.ஓ.எச். பணிமனையின் கீழ் நடக்கும் அந்தக் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுக்குச் சோதனை எடுப்பார்கள், மார்பைப் பார்ப்பார்கள். நாட்டின் வழிகாட்டல், இருபதிலிருந்து நாற்பது வயதுவரை மூன்று வருடத்துக்கு ஒரு தடவையும் நாற்பதுக்கு மேல் வருடம் ஒரு தடவையும் மார்பைக் காட்டச் சொல்கிறது.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் போவதில்லை. திரை போட்ட மூலை, ஒரு கட்டில். முதலில் நிமிர்ந்து உட்காரவைத்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கையை உயர்த்தச் சொல்வார்கள். பிறகு படுக்கவைத்து, பார்க்கும் பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். நடுவில் உள்ள மூன்று விரல்களின் நுனிச் சதையால், ஒரு சதம் காசு அளவு வட்டமாக, ஒவ்வோரிடத்திலும் மெல்ல, கொஞ்சம் அழுத்தி, ஆழமாக என்று மூன்று அழுத்தம். கழுத்தெலும்பிலிருந்து மார்பின் கீழ் மடிப்புவரை, நெஞ்செலும்பிலிருந்து கக்கம்வரை, வரிவரியாக. கடைசியில் கக்கத்துக்குள் விரல் விடுவார்கள். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகாது. பார்ப்பவர் பெரும்பாலும் பெண். ஒருவேளை மேற்கொண்டு ஆண் டொக்டரிடம் போக நேர்ந்தாலும் பக்கத்தில் ஒரு தாதியோ சகோதரியோ நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்கத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

“எங்கட மூத்தம்மா ஆறு பிள்ளை பெத்தவ, எல்லாருக்கும் பால் குடுத்தவ, இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்ல” என்பார்கள். இது பெரும்பாலும் உண்மை, அதற்கு அறிவியலிலும் விளக்கம் உண்டு. 1713இலேயே இத்தாலிய மருத்துவர் ரமசினி, துறவு மடங்களில் வாழும் கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்று அதிகம் வருவதைக் குறித்து வைத்தார். 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து 7 வீதம் குறைகிறது. பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் கூடுதலாக 4.3 வீதம் குறைகிறது. குழந்தைக்கு இரண்டு வருடம் பால் கொடுப்பதை மார்க்கக் கடமையாகவே எண்ணும் ஊரில் இது கேட்க இனிமையான செய்தி.

அந்தக் கணக்கையே இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆறு பிள்ளை பெற்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் கொடுத்த மூத்தம்மாவையும், பல்கலைக்கழகம் முடித்து இருபத்தெட்டில் கல்யாணம் செய்து இரண்டோடு நிறுத்திய பேத்தியையும் இந்த வீதங்களில் வைத்தால், பேத்தியின் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். பேத்தி செய்தது தவறல்ல. ஆறு பிள்ளை பெறு என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. மூத்தம்மாவின் அனுபவத்தை அவளுடைய உடம்புக்கு உத்தரவாதமாக எடுக்கக் கூடாது என்பதுதான் விஷயம். பால் கொடுத்தால் குறையும். வராது என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

மாற்றக்கூடியவையும் உண்டு. மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும், அதனால் அந்த வயதில் ஏறும் எடை நேரடியாக ஆபத்தைக் கூட்டும். மதுபானம் பெரிய காரணி. எங்கள் பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் நடை இல்லை. மதரசாவுக்கும் கடைக்கும் ஓட்டோ. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொல்கிறார்கள். சுபஹுக்குப் பிறகு பெண்கள் கூட்டமாகக் கடற்கரை வீதியில் நடப்பதைப் பார்த்து முணுமுணுக்கும் ஆண்கள், அந்த நடையின் மருத்துவப் பெறுமதியைத் தெரிந்துகொண்டு முணுமுணுக்கட்டும்.

பிறகு குடி. மதுவைச் சொல்லவில்லை, வம்சத்தைச் சொல்கிறேன். எங்கள் கரையில் குடி தாய்வழியில் வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. வீடும் மகளுக்குத்தான், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறவர். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அதனால் கிளினிக்கில் “குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?” என்று கேட்டால் பெண்ணின் மனம் உம்மா, உம்மாவின் உம்மா, சாச்சி, பெரியம்மா என்று ஒரே பக்கமாகவே எண்ணும். வாப்பாவின் சகோதரிக்கு நாற்பது வயதில் மார்பு எடுத்தார்கள் என்பது அந்த எண்ணிக்கையில் வராது. அவர் மாமி, வேறு குடி.

மரபணுவுக்குக் குடி தெரியாது. 1990இல் மேரி-கிளயர் கிங் 17ஆவது நிறமூர்த்தத்தில் இடம் கண்டு சொன்ன பிஆர்சிஏ-1, பிறகு கண்டறியப்பட்ட பிஆர்சிஏ-2, இரண்டும் முறிந்த டி.என்.ஏ. இழையைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள். இவற்றில் கோளாறு உள்ள பெண்களில் ஏறக்குறைய 70 வீதமானோருக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது. அந்தக் கோளாறு உம்மாவிடமிருந்து வருவதைப்போலவே வாப்பாவிடமிருந்தும் வரும், இரு பக்கமும் சரிபாதி வாய்ப்பு. வாப்பாவுக்கு ஒரு நோயும் இல்லாமலே அவர் அதை மகளுக்குக் கொடுத்திருக்கலாம். ஆகவே வாப்பா பக்கத்து மாமிமாரையும் எண்ணிச் சொல்லுங்கள். மொத்த நோயாளிகளில் பரம்பரையாக வருவது பத்து வீதத்துக்கு மேல் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குப் பெண் என்பதும் நாற்பது தாண்டியதும் தவிர வேறு எந்த ஆபத்துக் காரணியும் இருப்பதில்லை. நூற்றில் ஒருவர் ஆண்.

2022இல் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது, 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே. உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்குகளில் ஒன்று, அறிகுறியோடு வந்த பெண்ணுக்கு 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்துவிட வேண்டும் என்பது. அந்த 60 நாள் ஆஸ்பத்திரிக்கு விதித்த கெடு. ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்னால் கழியும் நாளுக்குக் கெடு வைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது.

கட்டியில் பத்துக்கு எட்டு ஒன்பது புற்றுநோயே அல்ல. அதை அறியவாவது போங்கள். பாலமுனை வைத்தியசாலையில் காட்டி, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைக்கோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு ஒரு துண்டு வாங்குங்கள். கொழும்பில் உறவினர் வீட்டில் நிற்கும் நேரமென்றால் நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் நிலையம் 2006 முதல் இருக்கிறது, துண்டில்லாமலே போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் காசு எடுப்பதில்லை. கட்டி ஒன்றும் இல்லை, வயது 35 தாண்டியிருக்கிறது என்றால், சுகவனிதையர் கிளினிக் எந்தக் கிழமை என்று உங்கள் பகுதி மிஸ்ஸியிடம் இந்த வாரமே கேளுங்கள். கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளைமாருக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அவளுடைய சகோதரியோடு நாளைக்கே போகச் சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.